சுருக்கமும் விரிவும்



எனக்கு எட்டு அல்லது ஒன்பது வயது இருக்கும். அறுவடைக் காலம். எங்கள் சிற்றூரின் களத்தில் நெல் அளந்துகொண்டிருந்தார்கள். தஞ்சைத் தரணியில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணமாட்டார். 'லாபம்' என்று சொல்லியே தொடங்குவார். அதன்பின் 'இரண்டு', 'மூன்று' என்று எண்ணிக்கை ஓடும். களத்தோரத்து மரநிழலில் ஊர்க் கணக்கர் அமர்ந்து, நீண்ட கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய பேனா ஓடிய வேகம் எனக்கு வியப்பாக இருந்தது. அருகில் சென்று எட்டிப் பார்த்தேன். வரிக்கு வரி ஒரே குறி வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கற்பித்த இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளில் அது இல்லை.

"தாத்தா, இது என்ன எழுத்து?" என்று கேட்டேன்.

"இது எழுத்து இல்லை, தம்பி. 'மேற்படி' என்ற முழுச் சொல். மேலே எழுதியதையே திரும்பவும் எழுதாமல் இருப்பதற்காக இதைப் போடுகிறோம்" என்றார் அவர்.

"மேலே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவர் இதை எப்படிப் படிப்பார்?"

கணக்கர் சிரித்தார். "அவர் மேல் ஏட்டைத் தேடிக்கொண்டு வரவேண்டியதுதான்" என்றார்.

விளையாட்டாகச் சொன்ன அந்த விடையின் பொருள் எனக்கு விளங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. எப்படி விளங்கிற்று என்பதை இப்பேச்சின் முடிவில் சொல்கிறேன். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், கணினியில் சில எழுத்துகளை மட்டும் தட்டி ஒரு முழு வாக்கியத்தையோ கடிதத்தையோ வரவழைக்கும் முறை. சுருக்கத்தைக் கொடுத்தால் விரிவைத் தரும் இந்த வித்தை கணினியோடு பிறந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது நம் வீட்டுப் பழைய பெட்டியிலும் இருந்தது என்பதை முதலில் காண்போம்.

பழைய தமிழ்க் கணக்குகளிலும் பத்திரங்களிலும் நாள், மாதம், வருடம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. பற்றுக்கு ஒன்று, வரவுக்கு ஒன்று, ரூபாய்க்கு ஒன்று, மேற்படிக்கு ஒன்று. அச்சில் அவற்றை முறையே ௳, ௴, ௵, ௶, ௷, ௹, ௸ என்று காணலாம். நிலத்துக்கும் நெல்லுக்கும் இவ்வாறே குறிகள் இருந்தன. ஒரு வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர் நிலம். வேலியை இருபதாகப் பகுத்தால் ஒரு மா. மாவை நான்காகப் பகுத்தால் ஒரு காணி. எண்ணாகப் பார்த்தால் மா என்பது இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இத்தனை நுண்ணிய பின்னங்களையும் ஒவ்வொரு குறியால் எழுதி முடித்தார்கள். எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். ஆயிரக்கணக்கான கலம் நெல்லைக் கையாண்ட நாட்டில், ஒவ்வொரு முறையும் சொல்லை முழுவதும் எழுதிக்கொண்டிருக்க யாருக்குப் பொழுது இருந்திருக்கும்?

எழுத்தில் மட்டும் அன்று. நினைவிலும் இம்முறை இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டு ஒன்று, திருப்பதியம் விண்ணப்பம் செய்யும் நாற்பத்தெட்டு பிடாரர்களையும், உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் அமர்த்திய செய்தியைக் கூறுகிறது. ஆக, ஐம்பது பேர். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் மூன்று குறுணி நெல். கணக்கிட்டுப் பாருங்கள்: நாளொன்றுக்கு 150 குறுணி, அதாவது பன்னிரண்டரைக் கலம். இவ்வளவு நெல்லை அரசன் எதற்காக அளந்தான்? நெஞ்சில் முழுமையாகத் தங்கியிருக்கும் பாடலுக்காக. இன்றும் கோயிலில் ஓதுவார் ஒருவரிடம் பதிகத்தின் முதற்சொல்லை மட்டும் சொல்லிப் பாருங்கள். அடுத்த நொடியே பண்ணோடு முழுப் பதிகமும் எழும். முதற்குறிப்பு என்று நாம் வழங்குவது இதைத்தான். ஒரு சொல் சாவி. பாடல் முழுவதும் பெட்டகம். பெட்டகத்தில் பொருள் இருப்பதால்தான் சாவிக்கு மதிப்பு.

பெட்டகம் காணாமற்போனால் சாவி என்ன ஆகும்? இதற்கும் காவிரிக் கரையிலேயே சான்று இருக்கிறது. பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே, அங்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. படிப்பவரே புள்ளியிட்டு, குறில் நெடில் அறிந்து, சொல் பிரித்துக்கொள்ள வேண்டும். இது முதல் தடை. நச்சினார்க்கினியர் உரை அடுத்த தடை. அவர் தம் உரையில் பழைய நூல்களிலிருந்து சிறு சிறு பகுதிகளை மேற்கோளாக எடுத்துக் காட்டுவார். பல இடங்களில் அது எந்த நூல் என்று சொல்லமாட்டார். அவர் காலத்து மாணாக்கர்களுக்கு அந்தச் சில சொற்களே போதும். முழுப் பாட்டும் நெஞ்சில் விரிந்திருக்கும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் வந்தவருக்கோ அவை பூட்டில்லாத சாவிகளாகக் கிடந்தன.

சாமிநாதையர் என்ன செய்தார்? சமண சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். திருவாவடுதுறை மடத்தில் பழைய ஏடுகளைப் புரட்டினார். அங்கே பத்துப்பாட்டு ஏடு கைக்குக் கிடைத்தபோதுதான், நச்சினார்க்கினியர் எடுத்துக்காட்டிய பகுதிகள் பலவற்றின் பிறப்பிடம் அவருக்குத் தெரிந்தது. சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், புறநானூறு 1894-இலும் அச்சேறின. மேல் ஏட்டைத் தேடிக்கொண்டு வரவேண்டியதுதான் என்று எங்கள் ஊர்க் கணக்கர் சொன்னாரல்லவா? தம் வாழ்நாள் முழுவதும் மேல் ஏட்டைத் தேடிச் சென்றவர் சாமிநாதையர். அவர் தேடியிராவிட்டால் அந்தச் சுருக்கங்கள் இன்றும் வாய் திறந்திருக்க மாட்டா.

இனி, உங்கள் பெற்றோருக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். திருமணத்துக்கும் பண்டிகைக்கும் வாழ்த்துத் தந்தி அனுப்புவது ஒரு காலத்தில் பெருவழக்கு. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. ஆதலின் தந்தி அலுவலகத்தில் வாழ்த்து வாசகங்களை வரிசையாக எழுதி எண் கொடுத்து வைத்திருந்தார்கள். அனுப்புபவர் எண்ணை மட்டும் குறிப்பார். கம்பி வழியே எண் மட்டும் செல்லும். மறுமுனையில் உள்ளவர் அந்த எண்ணுக்குரிய வாசகத்தை எடுத்து, வண்ணப் படிவத்தில் வாழ்த்தாகச் சேர்ப்பார். இரு முனையிலும் ஒரே பட்டியல் இருந்ததால் இது நடந்தது. 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நம் நாட்டில் தந்திச் சேவையே முடிவுற்றது. அந்த எண்களை இன்று உங்களிடம் சொன்னால் உங்களுக்கு அவை வெறும் எண்களே.

இப்போது கணினிக்கு வருவோம். கணினியில் இந்த வேலை எப்படி நடக்கிறது?

கதவருகே நின்று ஒட்டுக்கேட்கும் வேலைக்காரன் ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். அவன் கையில் ஒரு பட்டியல். இடப்புறம் சுருக்கம், வலப்புறம் விரிவு. நீங்கள் விசைப்பலகையில் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் அவன் கவனிக்கிறான். கடைசியாகத் தட்டிய சில எழுத்துகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறான். அவை பட்டியலின் இடப்புறத்தில் உள்ள ஒன்றோடு பொருந்தி, அதன்பின் நீங்கள் இடைவெளி விசையையும் தட்டிவிட்டால், உடனே செயலில் இறங்குகிறான். சுருக்கத்தில் எத்தனை எழுத்துகளோ அத்தனை முறை அழிப்பு விசையைத் தட்டி அதை நீக்குகிறான். அந்த இடத்தில் வலப்புறத்து விரிவை எழுதிவிடுகிறான். கண் இமைக்கும் நேரத்தில் இவ்வளவும் முடிந்துவிடும். அந்த வேலைக்காரன் ஒரு மென்பொருள்; அவ்வளவுதான்.

விண்டோஸ் கணினிகளில் இதற்கென 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆட்டோஹாட்கீ என்னும் இலவச மென்பொருள் பலர் அறிந்தது. லிப்ரே ஆபீஸில் சுருக்கத்தை எழுதி எஃப் 3 என்ற விசையைத் தட்டினால் முன்பே சேமித்த வாசகம் வந்து நிற்கும். உங்கள் கைப்பேசியிலும் சுருக்கத்தையும் விரிவையும் பதிந்து வைக்க வசதி உண்டு. பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. பட்டியலின் வலப்புறத்தில் வாசகத்துக்குப் பதில் ஒரு கட்டளையையும் வைக்கலாம். அப்போது நான்கு எழுத்துகளைத் தட்டினால், நேற்று எழுதிவைத்த பாடக் குறிப்புக் கோப்பு தானே திறந்து நிற்கும்.

இதனால் என்ன மிச்சம்? எண்பது விசைகள் தட்டி எழுதவேண்டிய ஒரு முகவரியை நான்கு விசைகளால் வரவழைக்கலாம் என்று கொள்வோம். ஒரு முறைக்கு எழுபத்தாறு விசைகள் மிச்சம். நாள்தோறும் பத்து முறை எழுதுபவருக்கு 760. விரலுக்கு ஓய்வு கிடைப்பது ஒருபுறம் இருக்க, ஒருமுறை பிழையின்றி எழுதி வைத்தது என்றும் பிழையின்றி வரும். அலுவலகத்தில் நாள் முழுவதும் தட்டச்சு செய்வோருக்கு இது சிறிய உதவி அன்று.

தமிழில் எழுதுவோருக்கு இதில் இன்னொரு இன்பமும் உண்டு. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 என்னும் விசைப்பலகை முறை வகுக்கப்பட்டது. அதில் 'பந்து' என்று எழுத ப, ந, த, உ ஆகிய நான்கு விசைகளைத் தட்டினால் போதும்; நகரத்தின்மேல் புள்ளி தானே விழும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ போதும். ஏன்? மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தால் முன்னது பெரும்பாலும் மெய்யாகவே இருக்கும். ஒரே மெய் இரட்டித்தாலும் அப்படியே. இன எழுத்து என்று வகுப்பில் நாம் படித்த இலக்கணமே இங்கே விசையாக நின்று வேலை செய்கிறது. இலக்கணம் எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை. விதிவிலக்கான சொற்களுக்கும் வழி உண்டு. 'மமதை' என்று எழுத விரும்புபவர் முதல் மகரத்துக்குப் பின் அகர விசையைத் தட்ட வேண்டும். இல்லையேல் புள்ளி விழுந்துவிடும். மமதை கொள்ளுமுன் சற்று நிற்கவேண்டும் என்பதை விசைப்பலகையும் அறிந்திருக்கிறது போலும்!

சுருக்கங்களை அமைத்துக்கொள்வதில் சில எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, உண்மையான சொல்லைச் சுருக்கமாக வைக்கக்கூடாது. நான் தொடக்கத்தில் 'நா' என்று தட்டினால் 'நாட்டு நலப்பணித் திட்டம்' என்று வருமாறு அமைத்திருந்தேன். ஒரு நாள் கோடை வெயிலைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது 'நா வறண்டது' என்று தட்டினேன். திரையில் 'நாட்டு நலப்பணித் திட்டம் வறண்டது' என்று வந்து நின்றது! அத்திட்டத்தின் பொறுப்பாசிரியர் அருகில் இருந்தார். "ஐயா, எங்கள்மேல் என்ன கோபம்?" என்று கேட்டார். அன்றுமுதல் சுருக்கத்தின் முன்னே, சொற்களின் தொடக்கத்தில் எப்போதும் வராத அரைப்புள்ளி போன்ற ஒரு குறியைச் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாவது, தமிழெழுத்தைக் கணினி எண்ணுவது வேறு, நாம் எண்ணுவது வேறு. 'கோ' நமக்கு ஓர் எழுத்து. கணினியின் ஒருங்குறி முறையில் அது ககரம், ஓகாரக் குறி என இரண்டு. மென்பொருள் சுருக்கத்தை அழிக்கும்போது இந்தக் கணக்கு தவறினால் ஓர் எழுத்து மிச்சம் நிற்கும். அல்லது முன்னிருந்த எழுத்தும் சேர்ந்து அழியும். ஆகவே தமிழில் வைத்த சுருக்கத்தை ஒருமுறைக்கு இருமுறை தட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, கடவுச்சொல் போன்ற மறைபொருளை இந்தப் பட்டியலில் வைக்காதீர்கள். பட்டியலைத் திறப்பவர் எவரும் அதைப் படிப்பார். நான்காவது, கோப்பை அழிப்பது போன்ற கட்டளைகளுக்குச் சுருக்கம் வேண்டா. வேகமாகச் செய்யத்தக்கவை இருக்கின்றன. தயங்கிச் செய்யத்தக்கவையும் இருக்கின்றன.

பழைய கணக்கர்களின் குறிகள் என்னவாயின என்று கேட்பீர்கள். 1980-ஆம் ஆண்டில் தமிழகத்தில் பரம்பரையாக வந்த ஊர்க் கர்ணம் பதவிகள் நீக்கப்பட்டன. கணக்குமுறை மாறியது, குறிகளைத் தடையின்றிப் படிப்போரும் குறைந்தனர். ஆயினும் அவை அழிந்துபோகவில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் ஒருங்குறியில், 2003-ஆம் ஆண்டு வெளிவந்த நான்காம் பதிப்பில், நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் ஆகிய குறிகள் இடம்பெற்றன. 2019-ஆம் ஆண்டு வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பில் முந்திரி முதலான பின்னங்களும், குறுணி, பதக்கு, குழி, வேலி, நன்செய், புன்செய் ஆகியவற்றின் குறிகளும் சேர்ந்தன. 'முதலிய', 'வகையறா' என்பவற்றுக்குக்கூடத் தனிக்குறிகள் அங்கே இருக்கின்றன. என் கணினியில் 'மேப' என்று தட்டினால் கணக்கரின் அந்தப் பழைய குறி திரையில் தோன்றுமாறு அமைத்திருக்கிறேன். சொல்லைச் சுருக்கப் பிறந்த குறியை வரவழைக்க இன்று ஒரு சுருக்கம் வேண்டியிருக்கிறது! காலத்தின் விளையாட்டு இது.

மாணவச் செல்வங்களே, இதுவரை சொன்னது மகிழ்ச்சியான பகுதி. இனிச் சொல்வது என் தவறு. ஆசிரியராக இருந்தவன் மாணவர்முன் தன் பிழையை மறைத்தால் அவன் கற்பித்ததெல்லாம் வீண் என்று நினைப்பவன் நான்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கங்களில் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. முப்பது ஆண்டுகள் பிள்ளைபோல் வளர்த்த மரங்கள் ஒரே இரவில் வேரோடு விழுந்ததைக் கண்டு, பெரியவர்கள் வாய்விட்டு அழுததை நான் பார்த்தேன். அப்போது நான் அந்தப் பகுதியில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். மின்சாரம் திரும்பிப் பள்ளி நடக்கத் தொடங்கியதும், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் என்னிடம் சான்றுக் கடிதம் கேட்டு வந்தார்கள். ஒருவர் இருவர் அல்லர், நாள்தோறும் வந்தார்கள். எல்லாக் கடிதமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. கணினியில் வல்லவன் என்ற சிறு பெருமையும் எனக்கு உண்டு. ஒரு கடிதத்தை அழகாக எழுதினேன்; அதற்கு மூன்றெழுத்தில் ஒரு சுருக்கம் வைத்தேன். அதன்பின் மூன்றெழுத்துத் தட்டுவேன், பெயரை நிரப்புவேன், கையெழுத்திடுவேன். வரிசை விரைவாகக் கரைந்தது. நல்ல காரியம் செய்கிறோம் என்று மகிழ்ந்தேன்.

பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி. அமைதியானவள், கணக்கில் கெட்டிக்காரி. அவளுக்கும் அதே கடிதம் போயிற்று. அதில், 'இம்மாணவியின் தந்தைக்குச் சொந்தமான தென்னந்தோப்பு புயலில் முற்றிலும் அழிந்துவிட்டது' என்று ஒரு வரி இருந்தது. அவளுடைய தந்தைக்குத் தோப்பு இல்லை. பிறர் தோப்பில் மரமேறித் தேங்காய் பறித்துக் கூலி பெறுபவர் அவர். மரங்கள் விழுந்ததில் தோப்புக்காரருக்குத் தோப்புப் போயிற்று. அவருக்குத் தொழிலே போயிற்று. தோப்பு இழந்தவருக்கு இழப்பீட்டைக் கணக்கிட மர எண்ணிக்கையாவது இருந்தது. ஏறுவதற்கு மரமில்லாதவருடைய இழப்பை எண்ண எந்தப் பட்டியல் இருந்தது? அதைச் சொல்லவேண்டிய இடம் என் கடிதம் ஒன்றுதான். அது சொல்லவில்லை.

விண்ணப்பத்தில் அந்தப் பெண் 'நிலம் இல்லை' என்று உண்மையை எழுதியிருந்தாள். என் கடிதமோ தோப்பு உண்டு என்றது. இரண்டும் முரண்பட்டன. விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, எங்களுக்குத் தோப்பே இல்லீங்களே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. தன்மேல்தான் ஏதோ தவறு என்பதுபோல் சொன்னாள். அதுதான் என்னை மிகவும் சுட்டது. கடிதத்தை வாங்கிப் படித்தேன். கையெழுத்து என்னுடையது, சொற்களும் என்னுடையவை, ஆனால் அந்த நாளில் அந்தப் பெண்ணுக்காக நான் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. உடனே அமர்ந்து, அவளிடமும் அவள் தந்தையிடமும் கேட்டு, புதிய கடிதம் ஒன்றைக் கையாலேயே எழுதினேன். அது போய்ச் சேருமுன் அவ்வாண்டுக்கான பட்டியல் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு அவளுக்கு உதவி கிடைக்கவில்லை. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எங்களால் இயன்றதைச் செய்தோம். அவள் படிப்பு நிற்கவில்லை. ஆனாலும் உரிய உதவி உரிய காலத்தில் கிடைக்காமல் போனதற்கு நான் சேமித்த சில நிமிடங்களே காரணம். அந்தக் கணக்கில் வரவு எனக்கு, பற்று அவளுக்கு.

அன்று மாலைதான், களத்தில் கேட்ட அந்தச் சொல் எனக்கு முழுமையாக விளங்கிற்று. 'மேற்படி' என்று எழுதும் உரிமை, மேலே எழுதியது இவருக்கும் பொருந்தும் என்று அறிந்தவருக்கே உண்டு. எங்கள் ஊர்க் கணக்கர் ஒவ்வொரு குடும்பத்தையும் ஒவ்வொரு வயலின் வரப்பையும் அறிந்தவர். மேற்படி என்று போடுமுன் அவர் கண் மேல் வரிக்கு ஒருமுறை சென்று வரும். நான் மேல் வரியைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற குழந்தையையும் பார்க்கவில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதைச் சுருக்கத்திடம் விட்டுவிடுங்கள். நாள், முகவரி, நிறுவனத்தின் நீண்ட பெயர், அடிக்கடி திறக்கும் கோப்பு, கடிதத்தின் தலைப்பு ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் விரல் நோக எழுதுவதில் பெருமை ஒன்றும் இல்லை. ஒருவருக்கே உரியதை நீங்களே எழுதுங்கள். ஒருவரின் துயரத்துக்கு ஆறுதல், ஒரு மாணவனைப் பற்றிய மதிப்பீடு, ஒரு நண்பனுக்கு நன்றி, ஒரு தவறுக்கு மன்னிப்பு ஆகியவை மூன்றெழுத்தில் அடங்கா. முதல் வகையில் நீங்கள் சேமித்த நேரத்தை இரண்டாம் வகைக்குச் செலவிடுங்கள். நேரத்தைச் சேமிப்பது அதற்காகத்தானே?

இப்போது கேட்பதற்கு முன்பே கடிதம் எழுதித் தரும் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றையும் நீங்கள் பயன்படுத்துவீர்கள். வேண்டா என்று நான் சொல்லவில்லை. திரையில் விரிந்து நிற்கும் வாசகத்தின்கீழ் உங்கள் பெயரை இடுமுன் ஒருமுறை முழுவதும் படியுங்கள். இது உண்மையா, இது இவருக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தத் தக்க சுருக்கம் எதையும் நான் இன்றுவரை காணவில்லை.

என் கணினியில் அந்த மூன்றெழுத்துச் சுருக்கம் இன்னும் இருக்கிறது, நான் நீக்கவில்லை. அதன் விரிவை மட்டும் மாற்றிவிட்டேன். இப்போது அதைத் தட்டினால் கடிதம் வராது; ஒரே ஒரு வரி வரும்: 'எதிரே நிற்பவரைக் கேள்.'